சூப்பர் மார்க்கெட் ரேக்: வடசென்னை மளிகைக் கடைக்குக் கட்டுப்படியாகுமா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய மளிகைக் கடையைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் விலை விசாரிப்பது சூப்பர் மார்க்கெட் ரேக்கைத்தான். விற்பவர்கள் இதை கோண்டோலா ரேக் என்பார்கள். இரும்பு போஸ்ட், போஸ்ட்டில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளை, துளையில் மாட்டும் பிராக்கெட், பிராக்கெட் மேல் தகட்டுத் தட்டு, பின்னால் ஒரு பேனல். இவ்வளவுதான் சரக்கு. ஷோரூமில் நிற்கும்போது எல்லாக் கம்பெனி ரேக்கும் ஒன்றுபோலவே தெரியும். கடையில் ஒரு மழைக்காலம் நின்ற பிறகுதான் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரியவரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ரேக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு ஒரே நியாயம், தட்டை ஏற்றி இறக்கலாம் என்பதுதான். 50 மி.மீ.க்கு ஒரு துளை இருக்கிறது. நட்டு கழற்றாமல், ஸ்பானர் தேடாமல், தட்டைத் தூக்கி வேறு துளையில் மாட்டலாம். ஆங்கிள் ரேக்கில், அதாவது எல் வடிவ இரும்புச் சட்டத்தில் தட்டை நட்டு-போல்ட் போட்டு முடுக்கும் பழைய ரேக்கில், ஒரு தட்டை நகர்த்த வேண்டுமானால் மூலைக்கு இரண்டு வீதம் எட்டு நட்டு-போல்ட் கழற்ற வேண்டும். அதனால் அங்கே யாரும் நகர்த்துவதில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட் ரேக் வாங்கியவர்களிலும் பாதிப்பேர் ஃபிட்டர் மாட்டிவிட்டுப் போன துளையிலேயே காலம் தள்ளுகிறார்கள். ஐந்து தட்டு, ஐந்துக்கும் ஒரே இடைவெளி. அப்படித்தான் இருக்கப்போகிறது என்றால் பணம் வீண். ஆங்கிள் ரேக் மலிவு, கனமான சரக்கையும் தாங்கும், வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் தீர்மானிக்க வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே வந்து தானே எடுக்கிற கடையா, கவுண்டருக்கு வெளியே நின்று கேட்கிற கடையா? வடசென்னைச் சந்துகளில் இரண்டாவது வகைதான் அதிகம். அங்கே ரேக்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நான்கைந்து அடி இடைவெளி, கண்ணாடி ஜாடிகள், தராசு, பில் மெஷின். எடுப்பது கடைக்காரர் கை. ‘கண் மட்டத்தில் வைத்தால் விற்கும்’ என்ற விதி அங்கே அப்படியே பொருந்தாது. கடைக்காரர் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டில் கைக்கு எட்டும் தட்டில் வேகமாக ஓடும் சரக்கு இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பார்வைக்கு லேபிள் தெரிந்தால் போதும். இந்த வகைக் கடைக்கு பின்சுவரில் ஆங்கிள் ரேக்கும், கவுண்டர் முகப்பில் இரண்டே இரண்டு சூப்பர் மார்க்கெட் யூனிட்டும் போதுமானது. முழுக் கடைக்கும் வாங்கிப் போடச் சொல்பவர் ரேக் விற்பவராகத்தான் இருப்பார்.

அகலக் கணக்கு

உள்ளே வந்து எடுக்கிற கடை என்றால் டேப்பை எடுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் 400 மி.மீ. ஆழ ரேக், சுவரோடு ஒட்டாமல் 50 மி.மீ. தள்ளி என்றால், பக்கத்துக்கு 450, ஆக 900 மி.மீ. போய்விடும். நடுவில் இருபக்க ரேக் போட்டால் அதற்கு 650 வரை பிடிக்கும். 10 அடி அகலக் கடை என்பது 3,050 மி.மீ. மீதி 1,500, இரண்டு நடைபாதைக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 750 மி.மீ. கூடை பிடித்த ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் தாண்ட முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண் உள்ளே வரவே யோசிப்பார். சுவர் ரேக்கை 300 ஆழத்துக்குக் குறைத்தாலும் 850தான் கிடைக்கும். குறைந்தது 900 வேண்டும். ஆகவே 10 அடிக் கடையில் நடு ரேக் வேண்டாம். 12 அடியில் ஒரு பாதைக்கு 1,050 கிடைக்கும், அங்கே போடலாம். வீட்டு முன்னறையைக் கடையாக மாற்றிய இடங்களில் நடுவில் ஒரு தூண் நிற்கும். தூணைச் சுற்றி அளக்காமல் ஆர்டர் கொடுத்தால் கடைசி யூனிட் தெருவில்தான் நிற்கும்.

நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 900 மி.மீ. யூனிட் என்று விற்கிறார்கள். அது தட்டின் நீளமா, போஸ்ட் மையத்திலிருந்து மையம்வரையா என்று கேளுங்கள். தட்டே 900 என்றால் போஸ்ட்டின் கனத்தை மேலே கூட்ட வேண்டும். ஆறு யூனிட் வரிசைக்கு ஏழு போஸ்ட். போஸ்ட் 30 மி.மீ. என்றால் 21 செ.மீ. கூடுகிறது. 18 அடிச் சுவரில் சரியாக உட்காரும் என்று நினைத்தது உட்காராது. அதேபோல, வரிசையின் முதல் யூனிட்டுக்குத்தான் இரண்டு போஸ்ட். அடுத்தடுத்தவை பக்கத்துப் போஸ்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்-ஆன் யூனிட்டுகள். விலைப்பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆறும் ‘மெயின் யூனிட்’ விலையில் இருந்தால் ஐந்து போஸ்ட்டுக்குச் சும்மா காசு கொடுக்கிறீர்கள்.

இரண்டு சுவர் சேரும் மூலையில் 40 செ.மீ.க்கு 40 செ.மீ. இடம் செத்துவிடும். அதற்கென்று விற்கும் மூலை யூனிட் விலைக்குத் தகாது. துடைப்பம், மாப், ஒட்டடைக் கொம்பு நிறுத்த அந்த இடம் அளவெடுத்ததுபோல் இருக்கும்.

தகடு

தகட்டின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணில் சொல்வார்கள்; எண் கூடக் கூடத் தகடு மெல்லியது. கேஜ் என்ன என்று கேட்டால் எல்லோரும் 20 என்பார்கள். தட்டைத் தராசில் வையுங்கள். மளிகைக் கடையில் தராசுக்கா பஞ்சம்? 900-க்கு 400 தட்டு, ஓரங்கள் மடித்தபின் சுமார் 0.45 சதுர மீட்டர் தகடு. இரும்பு ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. அப்படியானால் 24 கேஜ் தட்டு ஏறக்குறைய 2 கிலோ, 22 கேஜ் இரண்டரை கிலோ, 20 கேஜ் 3.2 கிலோ நிற்கும். அடியில் வலுவுக்கு ஒரு பட்டி ஒட்டியிருந்தால் கால் கிலோ முதல் அரை கிலோ கூடும். 24 கேஜ் பிஸ்கட், சிப்ஸ், நாப்கினுக்குப் போதும். சர்க்கரை, எண்ணெய், சோப்புத்தூள் ஏறும் தட்டுக்கு 22 கேஜைவிட மெல்லிய தகடு கூடாது, அடியில் பட்டியும் வேண்டும்.

‘தட்டுக்கு 100 கிலோ தாங்கும்’ என்பது சரக்கைத் தட்டு முழுக்கச் சமமாகப் பரப்பினால் மட்டும். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை நிறுத்தி வைத்தால் ஒரு தட்டில் ஐம்பதுக்கு மேல் நிற்கும். அதன்மேல் இன்னோர் அடுக்கு வைத்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டில் 10-க்கு 4 என்று 40 வைத்தால் 38 கிலோதான். கனமாகத் தெரிகிற எண்ணெயைவிட அடக்கமாகத் தெரிகிற சர்க்கரைதான் தட்டை வளைக்கிறது. தட்டின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் 4, 5 மி.மீ.க்கு மேல் தொய்ந்திருந்தால் சுமை அதிகம். சரக்கை எடுத்தபின்னும் தொய்வு நிமிரவில்லையென்றால் அந்தத் தட்டை லேசான சரக்குக்கு மாற்றிவிடுங்கள்.

அரிசி மூட்டைக்கு ரேக் வேண்டாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், அந்த வரிக்குள் வராத 26 கிலோ சிப்பம் புழக்கத்துக்கு வந்தது. அதைத் தூக்கித் தட்டில் போடுவதும் இறக்குவதும் முதுகுக்கும் கேடு, பிராக்கெட்டுக்கும் கேடு. தரையில் மரச்சட்டம் போட்டு, அதன்மேல் அடுக்குவதே நல்லது.

துளைக் கணக்கு

ரேக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுவரோரம் 1,800 மி.மீ. உயர யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டு தரையிலிருந்து 150-ல் இருக்கும். மேலே 1,650 மி.மீ., அதாவது 33 துளை. ஃபிட்டர் வழக்கமாக நான்கு தட்டு மாட்டி, அடித்தட்டோடு ஐந்து நிலையாக்கிவிடுவார். ஒரு நிலைக்கு ஆறு ஆறரைத் துளை, 33 செ.மீ. இதில் சோப்பு வைத்தால் அதன் தலைக்கு மேல் 20 செ.மீ. காற்று. ஐந்து லிட்டர் கேன் வைக்கலாம் என்றால் அது நுழையாது.

கணக்கு இப்படிப் போட வேண்டும்: சரக்கின் உயரம், அதன்மேல் விரல் விட்டு எடுக்க 4 செ.மீ., தட்டின் கனம் 3 செ.மீ. மூன்றையும் கூட்டி, அடுத்த 5 செ.மீ.க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். 28 செ.மீ. உயர எண்ணெய் பாட்டிலுக்கு 28, 4, 3 கூட்டினால் 35, ஏழு துளை. மூன்று செ.மீ. கனமுள்ள சோப்பை நான்கு உயரத்துக்கு அடுக்கினால் 12, 4, 3 கூட்டி 19. அதை 20 ஆக்கி நான்கு துளை. இப்படியே அடியில் கேனுக்கு எட்டு, அதற்கு மேல் எண்ணெய்க்கு ஏழு, அடுத்து ஐந்து, நான்கு, நான்கு, உச்சியில் திறந்த நிலை ஐந்து. மொத்தம் 33. ஐந்து நிலை ஆறாகிவிட்டது. யூனிட்டுக்கு ஒரு தட்டு, மூன்று அடி. பத்து யூனிட் உள்ள கடையில் 30 அடி அடுக்கும் இடம், ஓர் அங்குலம் தரையைக்கூடப் பிடிக்காமல் கிடைக்கிறது. அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே யூனிட்டுக்கு ஒரு தட்டும் ஒரு ஜோடி பிராக்கெட்டும் கூடுதலாக வாங்குங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் அதே நிறத்தில் கிடைப்பது சந்தேகம்.

இந்த ஏற்பாட்டில் தட்டுகள் தரையிலிருந்து 15, 55, 90, 115, 135, 155 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஐந்தடி உயரப் பெண்ணின் கண் 140 செ.மீ. அளவில் இருக்கும். ஆகவே 115-லும் 135-லும் இருக்கும் தட்டுகள்தான் கடையின் முதல் வரிசை. லாபம் கூடுதலாக நிற்கும் சரக்கு, புதிதாக வந்தது, வீட்டில் மறந்துவிட்டு இங்கே பார்த்ததும் நினைவுக்கு வருவது எல்லாம் அங்கே. உப்பு, சர்க்கரை, எண்ணெய் எங்கே வைத்தாலும் தேடி எடுப்பார்கள். அவற்றுக்குக் கண்மட்டத்தைக் கொடுப்பது விரயம். பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் சாக்லேட்டும் சிப்ஸும் 90-லேயே போதும். ஏழடி ரேக் வாங்கியவர்கள் உச்சித் தட்டை இருப்பு வைக்கும் பரணாகத்தான் கருத வேண்டும், வாடிக்கையாளர் கை அங்கே போகாது.

ஆழம் என்னும் பொறி

தட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று வாங்குகிறார்கள். 400 மி.மீ. ஆழத்தில் 7 செ.மீ. ஜாம் பாட்டில் ஐந்து வரிசை நிற்கும். முன்பக்கம் மூன்று தெரிந்தால் மொத்தம் 15. வாரத்துக்கு இரண்டு விற்கும் தெருவில் அது தீர ஏழு வாரத்துக்கு மேலாகும். புதுச் சரக்கு வந்தால் கடைப் பையன் முன்னால் இருக்கும் காலியிடத்தில்தான் வைப்பான். பின்னால் இருப்பது பின்னாலேயே கிடந்து தேதி முடியும். எக்ஸ்பைரி நஷ்டத்துக்கு ஏஜென்சிக்காரரைத் திட்டுவதற்கு முன் தட்டின் ஆழத்தைப் பாருங்கள். மெதுவாக ஓடும் சரக்கு உள்ள சுவருக்கு 300 ஆழமே போதும். கேன், டிடர்ஜென்ட், நாப்கின் உள்ள சுவருக்கு 400.

ஏற்கெனவே 400 வாங்கிவிட்டவர்கள் பின்னால் காலி அட்டைப்பெட்டியை வைத்துச் சரக்கை முன்னுக்குத் தள்ளுவது வழக்கம். பார்வைக்குத் தட்டு நிறைந்திருக்கும், ஆனால் அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டையிடும். அதற்குப் பதில் கவிழ்த்த பிளாஸ்டிக் தட்டோ, மடித்த தகடோ வையுங்கள். புதுச் சரக்கு வரும்போது முன்னால் இருப்பதை எடுத்துத் தரையில் வைத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் நிறுத்துவது ஒன்றுதான் வழி. முதலில் தேதி முடிவது முதல் வரிசையில். இதைத் தட்டு முழுவதற்கும் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்; பால்பவுடர், பிஸ்கட், மசாலா, ரவை, மைதா ஆகியவற்றுக்கு மட்டுமாவது கட்டாயப்படுத்துங்கள். ரவைக்கும் மைதாவுக்கும் தேதியைவிட வண்டு முந்திக்கொள்ளும்.

மாட்டும்போது நடப்பவை

வடசென்னையின் பழைய கட்டடங்களில் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். கழுவிவிட்டால் தண்ணீர் வாசலுக்கு ஓடும்படி சரிவு வைத்துத்தான் ரெட் ஆக்சைடோ மொசைக்கோ போட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் ரேக் அப்படியே நின்றால் தட்டும் சரியும், உருண்டை டப்பாக்கள் ஒரே பக்கம் சேரும், பிராக்கெட் கொக்கியில் ஒரு பக்கமே சுமை ஏறும். ரேக்கின் அடிக்காலில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முதல் யூனிட்டுக்கு ரசமட்டம் வைத்து நேராக்கிவிட்டுத்தான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஆறையும் சேர்த்தபிறகு நேராக்குவது நடக்காத காரியம்.

பிராக்கெட்டில் இடது, வலது உண்டு. கொக்கிகள் துளைக்குள் போனதும் கீழ்நோக்கி ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்தச் சத்தம் மாறுவதிலேயே உட்கார்ந்துவிட்டது தெரியும். உட்காராத பிராக்கெட் அன்றைக்கு விழாது. யாராவது கனமான டப்பாவைத் தட்டின் முன் ஓரத்தில் வைக்கும் நாளில் தட்டோடு சாயும். இடது பக்கம் எட்டாவது துளையிலும் வலது பக்கம் ஒன்பதாவதிலும் மாட்டிவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. போஸ்ட்டில் ஐந்து துளைக்கு ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

ஒருபக்க ரேக் முன்னால் சாயும் சுபாவம் உள்ளது. சரக்கு ஏற்றும்போது அடியிலிருந்து மேலே, இறக்கும்போது மேலிருந்து கீழே. ஏழடி என்றால் சுவரில் எல் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சின்ன பிளக் பிடிக்காது, டிரில் போட்டதும் பொடியாக உதிரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை போகும் 10 மி.மீ. கனம், 100 மி.மீ. நீள ஆங்கர்தான் நிற்கும்.

உப்புக்காற்றும் தண்ணீரும்

பவுடர் கோட்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் துரு துளை ஓரத்தில்தான் தொடங்கும். பிராக்கெட் மாட்டிக் கழற்றும் இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடற்காற்று படும் கடைகளில் அது சீக்கிரமே பழுப்பாகும். தட்டை நகர்த்தும்போது உரிந்த துளைகளில் அதே நிற எனாமலைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிட்டால் போதும். அடுத்த பலவீனம் அடிக்காலும் அதை மூடும் முன்தகடும். தினமும் மாப் தண்ணீர் படுவது அங்கே. முடிந்தால் அடித்தட்டையும் முன்தகட்டையும் மட்டும் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய தகடு) கேளுங்கள். முன்தகட்டை மாதம் ஒருமுறை கழற்றிப் பெருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த 15 செ.மீ. இடைவெளி எலிக்கு வாடகையில்லா வீடு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் தேங்கும் தெருவில் இருக்கும் கடை, ஐப்பசி தொடங்கும்போதே அடித்தட்டைக் காலி செய்துவிட வேண்டும். உப்பு, மாவு, சர்க்கரை மேலே ஏறட்டும். அடியில் பிளாஸ்டிக் வாளி, பினாயில், மூடி இறுகிய கேன் இருக்கட்டும். துளை மாற்றும் வசதி உள்ள ரேக் இந்த இடத்தில்தான் போட்ட காசுக்குப் பதில் சொல்கிறது: அடித்தட்டுக்கு மேல் உள்ள முதல் தட்டை இரண்டு துளை ஏற்றினால் அங்கே இன்னும் 10 செ.மீ. பாதுகாப்பு.

சுவர் வியர்க்கும் கடைகளில் பேக் பேனல் சுவரைத் தொடக் கூடாது. முன்னே சொன்ன 50 மி.மீ. இடைவெளி அதற்குத்தான். பேனலில் துளையிட்ட வகையை வாங்கினால் காற்றும் ஓடும், கொக்கி மாட்டிச் சாஷே சரமும் தொங்கவிடலாம். எம்.டி.எஃப். பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்தது) பள்ளம் வெட்டிய சுவர்ப் பேனல்கள் பேன்சி கடைக்கு அழகு. மளிகைக்கும், ஈரச் சுவருக்கும் அவை ஆகாது, ஊதிவிடும்.

வாசனை விஷயம் பலர் கவனிக்காதது. ஊதுபத்தி, சோப்பு, கருவாட்டுப் பாக்கெட் மூன்றும் தேயிலைத்தூள், அரிசி மாவு, ரவைக்குப் பக்கத்து யூனிட்டில் இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு முழு யூனிட் நடுவில் விடுங்கள், அதில் பிளாஸ்டிக் சாமான் போடலாம்.

அடுக்குபவர்

நல்ல ரேக்கைவிட அரிது, அதை அடுக்கத் தெரிந்த ஆள். பெரிய கடைகளில் இதை விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்று தனி வேலையாகவே வைத்திருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் பொம்மைக்கு உடுத்துபவர், ஷோகேஸ் மாற்றுபவர் என்று அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. தரமணியில் உள்ள தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட்டில் ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பில் இதுவும் ஒரு பகுதி. செயின் சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தால் எந்தத் தட்டில் எந்தச் சரக்கு, எத்தனை முகம் (முன்வரிசையில் பக்கம் பக்கமாக எத்தனை தெரிய வேண்டும்) என்று தலைமை அலுவலகம் அனுப்பும் பிளானோகிராம் படத்தைப் பார்த்து அடுக்கப் பழகலாம். ஆனால் படத்தைப் பார்த்து அடுக்குவது வேறு, படம் போடுவது வேறு. இரண்டாவது தெரிந்தவருக்குத்தான் தனியாக வேலை கிடைக்கும். மளிகைக் கடைகளுக்கு யூனிட் கணக்கில் அடுக்கித் தரும் வேலை வடசென்னையில் இன்னும் பெரும்பாலும் ரேக் ஃபிட்டரின் ஓசி வேலையாகவே கிடக்கிறது. கணக்குத் தெரிந்த இளைஞருக்கு இதில் இடம் இருக்கிறது.

இந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பையைப் பாருங்கள்: டேப், ரசமட்டம், ரப்பர் சுத்தியல், மார்க்கர், கட்டர், கேபிள் டை, ஈரத்துணி, விலைச்சீட்டு. வந்ததும் சரக்கை நகர்த்தத் தொடங்குபவர் வேண்டாம். பில் மெஷினிலிருந்து சரக்குவாரி விற்பனையைக் கேட்பவர்தான் சரியான ஆள். முகம் எத்தனை என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். நன்றாக ஓடும் சரக்குக்கு நான்கைந்து முகம், மற்றவற்றுக்கு இரண்டு. ஒற்றை முகம் வைத்தால் ஒன்று விற்றதுமே அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். ஒரே வகைச் சரக்கைத் தட்டின் நீளத்துக்கு இழுக்காமல் மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் வைப்பார்: ஷாம்பு என்றால் மூன்று தட்டிலும் ஒன்றின் கீழ் ஒன்று. 90 செ.மீ. யூனிட்டில் ஒரு வகைக்கு 30 செ.மீ.க்குக் குறைந்தால் கண்ணில் பதியாது.

வேலை நேரம் மதியம் இரண்டிலிருந்து நான்கு, தெரு அடங்கியிருக்கும்போது. சரக்கோடு சேர்த்து ஒரு யூனிட்டை மாற்ற இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடையையும் ஒரே ராத்திரியில் புரட்டிப்போட்டால் மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, கடைப் பையனுக்கும் உப்பு எங்கே என்று தெரியாது. ஒரு யூனிட்டை மாற்றி, மூன்று நான்கு வாரம் அந்த யூனிட்டின் விற்பனையை முன்பிருந்ததோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நடுவில் பண்டிகை வராத வாரங்களாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளி விற்றதை ரேக் விற்றதாகக் கணக்கு எழுதிவிடுவோம்.

வாசலுக்கு நேராக இருக்கும் ஓர யூனிட்டைக் காலண்டரிடம் ஒப்படைத்துவிடலாம். ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு மாவும் நொய்யும், ஆயுத பூஜைக்குப் பொரியும் அவலும், கார்த்திகைக்கு அகலும் திரியும், நோன்பு மாதத்தில் கஞ்சிச் சாமானும் சேமியாவும், டிசம்பரில் கேக் சாமான். பண்டிகைக்குப் பத்து நாள் முன் ஏற்றி, முடிந்த மறுநாளே இறக்க வேண்டும். பொங்கல் கழிந்தும் வெல்லம் அங்கேயே நின்றால் அந்த யூனிட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கம்பெனிகளின் டிஸ்ப்ளே ஸ்கீமில் கவனம் தேவை. மாதத் தொகையோ இலவசச் சரக்கோ கொடுத்து ஒரு தட்டைக் கேட்பார்கள். தவறில்லை. ஆனால் அவர்களுடைய ஆள் வாரம் ஒருமுறை வந்து அடுக்கும்போது போட்டிக் கம்பெனிச் சரக்கைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவது வாடிக்கை. எந்த யூனிட், எந்தத் தட்டு, எத்தனை மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கண்மட்டத் தட்டு இரண்டில் ஒன்றை மட்டும் கொடுங்கள்.

பழைய ரேக்

மூடிய கடைகளின் ரேக் பாதி விலைக்கும் கீழே வரும். போஸ்ட் நல்ல கனமாக இருந்தால் வாங்கலாம். மூன்றைப் பாருங்கள். துளையின் கீழ் ஓரம் நீண்டு இழுபட்டிருந்தால் பிராக்கெட் ஆடும், அந்தப் போஸ்ட் வேண்டாம். எல்லா யூனிட்டும் ஒரே கம்பெனிதானா என்று பிராக்கெட்டை மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். துளை இடைவெளி ஒன்றாக இருந்தாலும் கொக்கி வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலைச்சீட்டு செருகும் முன்பட்டி வெயிலில் காய்ந்து நொறுங்கியிருக்கும், அதைப் புதிதாக வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் சீட்டுக்கு வேண்டிய அட்டையும் கலர் பேப்பரும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கட்டுக் கணக்கில் கிடைக்கும்.

புதிதோ பழையதோ, கொட்டேஷனில் இவை எழுத்தில் வரவேண்டும்: போஸ்ட் கனம், தட்டு கேஜ், ஒரு தட்டின் எடை, மெயின் யூனிட் எத்தனை, ஆட்-ஆன் எத்தனை, கூடுதல் பிராக்கெட் எத்தனை ஜோடி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது, ஃபிட்டிங் சேர்த்தா இல்லையா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கடை என்றால் வண்டி காத்திருக்கும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. மீதியை, தட்டுகளில் சரக்கு ஏறி, நூல் பிடித்துப் பார்த்தபிறகு கொடுங்கள்.